முதல் திரிக்குத்தான் வேலை அதிகம்

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவில் ஒரு கிளைப்பங்கு, அதாவது வேறு ஊர்ப் பெரிய கோவிலின் கீழ் இயங்குவது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம், குடமுருட்டிக் கரையை ஒட்டிய சின்ன ஊர். பங்குச் சாமி (பாதிரியார்) வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார், சனிக்கிழமை சாயந்திரம் 6 மணிக்கு. அதுதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை. மற்ற ஆறு நாளும் இரவு 7 மணிக்கு ஜெபமாலை, அரை மணி நேரம். சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து பீடம் என் பொறுப்பு. துணி துவைப்பது, பூ வைப்பது, திரி ஏற்றுவது, கரி துடைப்பது எல்லாம் நான்தான். ஆகையால் இங்கே நான் எழுதப்போவதில் வேத விளக்கம் கொஞ்சம்தான் இருக்கும், மெழுகுக் கணக்கு அதிகம் இருக்கும். இரண்டு கொள்முதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று போன வருடம் ஆன்லைனில் வாங்கிய திருவருகைக்கால வளையம். மற்றது இந்த மாதம் பூண்டி மாதா கோவில் பக்கத்தில் செய்து வாங்கிய நான்கு மெழுகுதிரிகள்.

வளையம் என்றால் தெரியாதவர்களுக்கு: கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளுக்கும் நான்கு திரி. மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். முதல் ஞாயிறு ஒன்று ஏற்றுவோம், இரண்டாம் ஞாயிறு இரண்டு, இப்படியே போய்க் கடைசி ஞாயிறு நான்கும் எரியும். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிற்றுக்கு, அதற்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பேர். பெரிய பங்குகளில் இது எப்போதோ வந்துவிட்டது. எங்களுக்குப் போன வருடம்தான் வந்தது. சாமி சொன்னார், நான் சரி என்றேன், சென்னையில் இருக்கும் மருமகள் செல்போனில் தேடி வாங்கி அனுப்பிவிட்டாள். விலை 1,249 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம்.

பெட்டி அழகாகத்தான் வந்தது. இரும்பு வளையம், அதில் நான்கு கிண்ணி, சுற்றிலும் பச்சை பிளாஸ்டிக்கில் ஊசி ஊசியாக இலை, அங்கங்கே சிவப்புக் காய். நான்கு திரியும் பத்து அங்குல உயரம், முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான கனம், நான்கும் ஒரே அளவு. ஒரே அளவு என்பதை அன்றைக்கு நான் பெருமையாகப் பார்த்தேன். "செட்டாக இருக்கிறதே" என்று உபதேசியாரிடம் காட்டினேன். அந்த ரோஜா நிறத்தைப் பற்றி மட்டும் அன்றைக்கே சந்தேகம் இருந்தது. நம் இலவச டவுன் பஸ்ஸின் முகப்பில் அடித்திருக்கிறார்களே, அந்த நிறம். மகிழ்ச்சிதான், ஆனால் பீடத்துக்கு உரிய மகிழ்ச்சி கிடையாது.

2024இல் திருவருகைக்கால முதல் ஞாயிறு டிசம்பர் 1. எங்களுக்கு நவம்பர் 30 சாயந்திரம். தேதியைப் பார்த்தவுடன் டெல்டாக்காரர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறிய இரவு அது. புயல் எங்கள் தலைக்கு மேல் வரவில்லை. அதற்கு முந்தின செவ்வாய், புதன் இரண்டு நாளும் பெய்த மழையே போதுமானதாக இருந்தது. சம்பா நட்டு ஒரு மாதமான வயல்களில் பயிர் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. ஆம்பிளைகள் பாதிப் பேர் வடிகால் வெட்டப் போயிருந்தார்கள். பூசைக்கு வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். காணிக்கைப் பாட்டுக்கு முன்னாலேயே கரண்ட் போய்விட்டது.

நான் ஊதாத் துணி விரித்திருந்ததைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே சித்தப்பா ஒருவர், "என்னம்மா, அதுக்குள்ள தவக்காலமா? கறி திங்கலாமா கூடாதா?" என்று கேட்டார். இது வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்பதுதான். துணி ஒன்றே என்றாலும் காலம் வேறு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது, திருவருகைக்காலத்தில் உண்டு. வானவர் கீதம் மட்டும் கிறிஸ்துமஸ் இரவு வரை நிறுத்தி வைப்போம். கறி தாராளமாகத் தின்னலாம் என்று சொன்னேன். "அப்பச் சரி" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அன்றைய நற்செய்தி லூக்கா 21. கதிரவனிலும் நிலாவிலும் விண்மீன்களிலும் அடையாளங்கள் தோன்றும், கடல் கொந்தளிப்பின் முழக்கத்தைக் கேட்டு மக்கள் கலங்குவார்கள் என்று வருகிற பகுதி. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை முதல் ஞாயிற்றில் அந்த வாசகம் சுற்றி வரும், யாரும் புயலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது கிடையாது. சாமி அதை வாசித்தபோது வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்தது நாகப்பட்டினத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்த பெண். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் வந்ததைப் பார்த்தவள். அவள் தலையைக் குனிந்தவள் வாசகம் முடிகிற வரை நிமிரவில்லை. சாமி பிரசங்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அதற்காக நான் அவருக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

சரி, திரிக்கு வருகிறேன். கரண்ட் போனதும் கோவிலில் வெளிச்சம் என்றால் பீடத்தின் இரண்டு திரியும், வளையத்தில் எரிந்த முதல் ஊதாவும்தான். பூசை முடிந்தும் மழை விடாததால் யாரும் கிளம்பவில்லை, ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். அணைக்க மனம் வரவில்லை. அந்தக் காற்றில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிளாஸ்டிக் இலை ஒன்று சுருண்டு புகைய ஆரம்பித்துவிட்டது. பூசை உதவும் பையன் ஓடிப்போய்க் கையாலேயே பிய்த்துப் போட்டான். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடைதான் டயர் எரித்த மாதிரி, அடுத்த சனிக்கிழமை வரை பீடத்தைச் சுற்றி நின்றது. எரிகிற பொருளைச் சுற்றி எரியக்கூடிய இலையை வைத்து விற்கிறவர்களை என்ன சொல்வது? திரியை ஏற்றிப் பார்த்தே இருக்க மாட்டார்கள், படம் எடுத்ததோடு சரி.

அது முதல் குறை. நான் இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் இரண்டாவது குறைதான்.

டிசம்பர் 14 சனிக்கிழமை. மகிழ்ச்சி ஞாயிற்றுப் பூசை. அந்த வாரமும் நல்ல மழை. நான் ரோஜா நிறத் திரியை ஏற்றுகிறேன், முதல் ஊதா கிண்ணிக்குள் பொட்டு அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. முதல் வாசகம் முடிவதற்குள் ஒரு தடவை படபடத்துவிட்டு அணைந்தது. மூன்று எரிய வேண்டிய ஞாயிற்றில் இரண்டுதான் எரிந்தன. குழந்தைகள் சும்மா இருப்பார்களா? எண்ணிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டாம் வாரமா, மூணாம் வாரமா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். மறுநாள் ஜெபமாலைக்கு, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மீந்த வெள்ளைத் திரி ஒன்றைக் கொண்டுவந்து ஊதாவின் இடத்தில் செருகினேன். கிண்ணி வாய் சின்னது, உள்ளே போகவில்லை. அடியைக் கத்தியால் சீவி நுழைத்தேன். என் மாமியார் கல்லறைக்கு வாங்கிய கட்டிலிருந்து எடுத்த திரி அது. கிறிஸ்துமஸ் வரை அதுதான் முதல் வாரத்தின் இடத்தில் எரிந்தது. மாமியார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், கோவிலுக்கு எது கொடுத்தாலும் முன் வரிசையில் தெரிய வேண்டும் அவருக்கு.

யோசித்துப் பாருங்கள். முதல் திரி நான்கு வாரமும் எரிய வேண்டும். நான்காவது திரிக்கு வேலை மூன்று நான்கு நாள்தான். இரண்டையும் ஒரே அளவில் செய்து ஒரே பெட்டியில் வைத்து "முழுமையான செட்" என்று எழுதி விற்கிறார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து கழற்றியபோது நான்காவது திரியில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. முதலாவது இருந்த இடத்தில் என் மாமியார் திரியின் அடிக்கட்டை.

விற்றவர்களுக்கு மருமகளை விட்டு எழுதச் சொன்னேன். "மெழுகுவர்த்தி எரிந்து தீர்வது இயல்பானது" என்று பதில் வந்தது. அதை மறுக்க முடியாதுதான். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போடச் சொன்னேன். இரும்பு வளையத்துக்கு ஒன்று, பெட்டி உடையாமல் வந்ததற்கு ஒன்று.

இந்த வருடம் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் பூண்டிக்குப் போனேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை, மாதாவைப் பார்த்து நாளாயிற்று, முன்பு அங்கே பங்குச் சாமியாக இருந்த லூர்து சேவியர் அடிகளார் கல்லறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம் என்றுதான். பேராலயத்துக்கு வெளியே வரிசையாக இருக்கும் கடைகளில் ஊதாத் திரி கேட்டேன். எல்லாக் கடையிலும் வெள்ளையும் மஞ்சளும்தான். அதில் ஒரு கடைக்கார அம்மாள்தான், "நாங்க வாங்கி விக்கிறவங்க. ஊத்துற இடத்துலயே போய்க் கேளுங்க" என்று திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் ஒரு வீட்டுக்கு வழி சொன்னார்.

பெயர்ப்பலகை இல்லாத கடை. உண்மையில் அது வீடுதான். முன்னால் தகரக் கொட்டகை, அதில் ஒரு அடுப்பு, மெழுகு உருக்க ஒரு அண்டா, சுவரோரம் வெள்ளைப் பாளம் பாளமாக மெழுகு அடுக்கியிருந்தது. அலுமினிய அச்சுகள் ஒரு மரப்பெஞ்சில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு அச்சும் இரண்டு பாதி, நடுவில் பருத்தி நூல் திரியை இழுத்துக் கட்டி, பாதிகளை மூடி இறுக்கி, மேலே இருந்து மெழுகை ஊற்றுகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் அச்சை நிறுத்தி ஆற வைத்து, பிரித்து எடுத்தால் முரண்டு பிடிக்காத பிள்ளையாக வெளியே வருகிறது. கணவன் ஊற்றுகிறார், மனைவி நூல் கட்டுகிறார், கணக்கும் அந்த அக்காதான். கணவர் நான் இருந்த நேரத்தில் மொத்தம் நான்கு வார்த்தை பேசியிருப்பார். அதில் மூன்று "சூடு, தள்ளி நில்லுங்க".

அக்காவிடம் நான் கேட்டது சாதாரணமாகத்தான்: ஊதா மூன்று, ரோஜா ஒன்று, பத்து அங்குலம். எழுதிக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் எழுதவில்லை.

"எதுக்கும்மா நாலு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்ப முதத் திரி எத்தனை நாளைக்கு எரியணும்?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். போன வருடம் 1,249 ரூபாய் கொடுத்த இடத்தில் ஒருவர்கூட யோசிக்காத கேள்வியை, திருவருகைக்கால வளையத்தைக் கண்ணால் பார்த்திராத ஒரு பெண் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிட்டார். அந்த அக்கா வேதக்காரர்கூட, அதாவது கிறிஸ்தவர்கூட, கிடையாது. மாதாவுக்கு வருஷம் ஒரு தடவை திரி ஏற்றுவாராம், "தொழில் அவங்க குடுத்தது" என்கிறார்.

இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இந்த வருடம் (2025) திருவருகைக்காலம் தொடங்குவது நவம்பர் 30, எங்களுக்கு 29 சாயந்திரம். 29, பிறகு டிசம்பர் 6, 13, 20 என்று நான்கு பூசை, ஒவ்வொன்றும் முன்னே பின்னே ஒன்றரை மணி நேரம். மீதி 22 நாளும் ஜெபமாலை, அரை மணி. ஆக முதல் திரி 17 மணி நேரம் எரிய வேண்டும். கடைசித் திரி மூன்றரை மணி நேரம். அக்கா பெஞ்சிலிருந்து நான்கு அச்சுகளை எடுத்து என் முன்னால் வைத்தார்: ஒன்றேகால் அங்குலம், ஒன்று, முக்கால், அரை. உயரம் எல்லாம் ஒன்று, கனம் மட்டும் படிப்படியாக இறங்கும். "நாலும் கிறிஸ்மஸ் அன்னிக்கு ஏறக்குறைய ஒண்ணா இறங்கி நிக்கும், முன்னப்பின்ன இருந்தா என்னைத் திட்டாதீங்க" என்றார். நூலும் அப்படித்தானாம். கனத்த திரிக்கு மெல்லிய நூல் போட்டால் நடுவில் மட்டும் குழி விழுந்து சுடர் மூழ்கிவிடும். மெல்லிய திரிக்குக் கனத்த நூல் போட்டால் புகையும், வழியும். ஸ்டியரிக் ஆசிட் கொஞ்சம் சேர்த்தால் திரி விறைப்பாக நிற்குமாம், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் சாமி முன்னாலேயே வளைந்து கும்பிடு போடும் என்று சிரித்தார்.

விலை: 260, 170, 120, 90. மொத்தம் 640 ரூபாய். முன்பணம் 200. போனில் பணம் போடலாம், அட்டை ஒட்டியிருக்கிறார்கள். பத்து நாளில் தருவதாகச் சொன்னார்.

பத்தாவது நாள் போனேன், திரி தயாராக இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் புகழ்ச்சி ஆகிவிடும். கிறிஸ்து அரசர் பெருவிழா நற்கருணைப் பவனிக்கு இரண்டு பங்குகளிலிருந்து ஆர்டர் வந்திருந்ததாம். 1925இல் பதினோராம் பயஸ் பாப்பரசர் ஏற்படுத்திய விழா, இந்த வருடத்தோடு நூறு வருடம் ஆவதால் எல்லா இடத்திலும் பவனியைப் பெரிதாக நடத்துகிறார்கள். கட்டுக் கட்டாக வெள்ளைத் திரி கொட்டகை முழுக்கக் கிடந்தது. என் நான்கு திரி அதில் எங்கே தெரியும்? போன் செய்திருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டேன் என்று கோபப்பட்டேன். ஆனால் அவர்கள் போனை எடுப்பதே இல்லை, அதுவும் ஒரு குறை. கையெல்லாம் மெழுகாக இருக்கும்போது எப்படி எடுப்பது என்று அக்கா கேட்டார். நியாயம்தான், ஆனாலும் பஸ்ஸுக்குக் காத்திருந்த முக்கால் மணி நேரம் என்னுடையது.

மூன்று நாள் கழித்து மறுபடி போனபோது திரிகள் இருந்தன. நிறம் பற்றி இனி. மூன்று ஊதா கேட்டிருந்தேன், மூன்றும் மூன்று ஊதாவாக இருந்தன. கனமானது கத்திரிக்காய் நிறம். அடுத்தது நீலத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. மூன்றாவது, அதாவது மெல்லியது, சாயம் போன கத்திரிக்காய். ஒரே சமயத்தில் உருக்கி ஊற்றாமல் அச்சு காலியாகக் காலியாக ஊற்றியதால் சாயம் ஒன்றுபோல் விழவில்லை. ரோஜா நிறத்தில்தான் அக்காவின் கை தெரிந்தது. ரோஜாச் சாயம் அவரிடம் கிடையாது. சிவப்பைத் துளி சேர்த்து ஊற்றியதில் முதல் தடவை செங்கல் நிறம் வந்திருக்கிறது, அந்தத் திரி ஓரமாகக் கிடந்தது, எனக்குக் காட்டினார். இரண்டாம் தடவை இன்னும் குறைத்து ஊற்றி, நாட்டுத் தாமரையின் வெளி இதழ் நிறம் கொண்டுவந்துவிட்டார். போன வருடத்து பஸ் நிறத்தோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ. நூல் நுனியை மட்டும் எல்லாவற்றிலும் ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருந்தார்கள். கத்தரிக்காமல் ஏற்றினால் கரி கக்கும். நான் வீட்டுக்கு வந்து கால் அங்குலம் விட்டுக் கத்தரித்தேன்.

நனையாமல் கொண்டுவருவதுதான் பெரிய பாடு. தினத்தாளில் சுற்றி, மேலே உரச் சாக்கின் பிளாஸ்டிக் உறை, அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர், "என்னம்மா, நாதஸ்வரமா?" என்றார்.

கோவிலில் வைத்துச் சோதிக்க மனமில்லை, வீட்டிலேயே சோதித்தேன். கனமான ஊதாவை சமையற்கட்டு மேடையில் நிறுத்தி, பக்கத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு மணி நேரம் எரியவிட்டேன். இறங்கியது அரை விரற்கடை. போன வருடத்துத் திரி மணிக்கு ஒரு அங்குலம் இறங்கியது. ஜன்னலைத் திறந்து காற்றில் வைத்தும் பார்த்தேன், ஒரு பக்கம் லேசாக வழிந்தது, அணையவில்லை. வாடை இல்லை. என் கணக்கில் 17 மணி நேரத்தைத் தாண்டி இன்னும் ஏழெட்டு மணி நேரம் கையிருப்பு இருக்கும். மழைக்காலத்துக் கரண்ட்டை நம்பி இருக்கிறவர்களுக்கு அந்தக் கையிருப்பு வேண்டும்.

இனி இவற்றை எதில் நிறுத்துவது என்ற கேள்வி. பழைய இரும்பு வளையத்தின் கிண்ணிகளில் மெல்லியது ஆடுகிறது, கனமானது நுழையவில்லை. போன வாரம் அன்பியக் கூட்டத்தில் (தெருக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடுவது) இதை வைத்தேன். சாமியும் வந்திருந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்னார், இந்த வளையம் முதலில் வந்ததே ஒரு வண்டிச் சக்கரத்தில்தானாம். 1839இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்தினார். "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை நாள்" என்று பிள்ளைகள் நச்சரித்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரியும் நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றினாராம். ஊதாவும் ரோஜாவும் பிறகு வந்து சேர்ந்தவை. சாமி சொல்லி முடிக்கவில்லை, கறி கேட்ட அதே சித்தப்பா எழுந்துவிட்டார். "சக்கரம்னா எங்க மாட்டுக் கொட்டாயில ஒண்ணு சும்மா கெடக்கே!"

மறுநாள் ஆறு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். மாட்டு வண்டிச் சக்கரம், நெஞ்சு உயரம், வட்டையில் இரண்டு இடம் உளுத்திருக்கிறது, ஆரக்கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. பீடத்துக்குக் கீழே தரையில் படுக்க வைத்து, நான்கு ஆரக்கால்களின் மேல் நான்கு மண் அகல் வைத்து, ஆற்று மணலில் திரியை நடுவதாகத் திட்டம். சக்கரக் குடத்தின் நடுவே கிறிஸ்துமஸ் இரவில் ஒரு வெள்ளைத் திரி. இலைக்குச் சவுக்கு. நாகப்பட்டினத்துப் பெண்ணின் அண்ணன் ஒரு கட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். சவுக்கு காய்ந்தால் பிளாஸ்டிக்கைவிட வேகமாகப் பற்றும் என்பது எனக்குத் தெரியும். வாரா வாரம் மாற்றுவேன், திரிக்கும் இலைக்கும் நடுவில் மணல் இருக்கும். இந்த விஷயத்தில் எனக்கும் பாடற்குழுப் பெண்களுக்கும் ஒரு வழக்கு ஓடுகிறது. அவர்களுக்குச் சக்கரம் முழுக்கச் செவ்வந்தி வேண்டும். திருவருகைக்காலத்தில் பூ அளவோடு வைப்பது என்று பூசை ஒழுங்கிலேயே இருக்கிறது, செவ்வந்தியைக் கிறிஸ்துமஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏற்கனவே தெருவில் இரண்டு வீட்டில் ஸ்டார் தொங்குகிறது. கேரல் ரவுண்ட்ஸுக்கு டிரம் ஒத்திகை நடக்கிறது. கோவிலுக்குள்ளாவது நான்கு வாரம் வெறுமனே இருக்கட்டுமே.

இந்த வருடம் மத்தேயு வருடம், அதாவது ஞாயிறுகளில் மத்தேயு நற்செய்தி வாசிக்கும் வருடம், வாசகங்கள் எல்லாம் விவசாயிக்கு எழுதியது போல. முதல் ஞாயிறு எசாயாவில் வாளைக் கலப்பைக் கொழுவாக அடிக்கிறார்கள். இரண்டாம் ஞாயிறு திருமுழுக்கு யோவான் சுளகோடு வந்து களத்தைத் துப்புரவாக்குகிறவரைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாம் ஞாயிறு யாக்கோபு திருமுகம், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாகக் காத்திருக்கும் பயிரிடுபவரைப் பாருங்கள் என்கிறது. அந்த வாசகம் என் முறை. வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். சி.ஆர். 1009 நெல் நட்டுவிட்டுத் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து, "முன்மாரி சரி. பின்மாரி வேண்டாம்னு எழுதச் சொல்லு" என்றார். அந்த நாட்டில் பின்மாரி கதிரை முற்ற வைக்கும். இங்கே தை மாதம் மழை பெய்தால் முற்றின சம்பா சாய்ந்து தண்ணீரில் முளைத்துவிடும். அவரிடம் யாக்கோபுக்காக நான் வாதாடவில்லை.

திரிகளுக்கு என் மதிப்பு ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண் குறைத்தது தாமதத்துக்கும் மூன்று ஊதாவுக்கும் சேர்த்து. வாங்க நினைப்பவர்கள் அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள், கல்லறைத் திருநாள் கூட்டம் தொடங்கிவிட்டால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மூன்று ஊதாவையும் ஒரே அண்டாவில் ஊற்றச் சொல்லி அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் கோவிலில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் திரி எரிகிறது என்று எழுதி எடுத்துப் போங்கள், அக்கா கேட்பார். காலையில் போகாதீர்கள், மெழுகு கொதித்துக்கொண்டிருக்கும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மத்தியானம் 3 மணிக்கு மேல் போனால் அச்சு ஆறுகிற நேரம், திண்ணையில் உட்காரச் சொல்லி டீ கொடுப்பார்கள்.